கூடினர், மீண்டனர்!

குடிகாரனைத் திருத்துவதற்கு உலகம் கையாண்ட வழிகள் கொஞ்சமல்ல. சபித்தது, சிறையிலிட்டது, ஊருக்கு வெளியே தள்ளியது, கோயிலுக்கு இழுத்துச் சென்று கையில் கயிறு கட்டியது. கயிறு அறுந்ததும் அவன் கடைக்குப் போனான். போனவனைக் கண்டு, 'அவன் தலைவிதி அப்படி' என்று கூறிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கச் சென்றது.

இவற்றுக்கெல்லாம் வேறான வழி ஒன்றுண்டு. குடியால் கெட்டவர்கள், குடியை விட விரும்புவோர், வாரந்தோறும் ஓர் அறையில் கூடுவது. ஒருவர் கதையை மற்றவர் கேட்பது. 'இன்று குடிக்கவில்லை' என்று ஒருவர் கூறும்போது மற்றவர் மகிழ்வது. மருந்தில்லை, மந்திரமில்லை, கட்டணமென்று பெரிதாக ஏதுமில்லை. இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் இத்தகைய கூட்டங்கள் நடைபெறுகின்றன. மருத்துவர்களே தம்மிடம் வருவோரை அங்கே அனுப்புகின்றனர்.

இந்த வழியைக் கண்டவர் யார்? முனிவரா? மடாதிபதியா? மன்னரா? பகுத்தறிவு பேசும் நாம் இந்த வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும். காரணம் இரண்டு. ஒன்று, இதைத் தொடங்கியோர் உழைப்பாளிகள். மற்றொன்று, அந்த அறையில் கடவுளுக்கு இடம் உண்டா, இல்லையா என்ற வழக்கு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அந்த வழக்கின் தீர்ப்பைப் பொறுத்து, கடவுளை ஏற்காத ஒருவன் மீள்வதும் மாள்வதும் இருக்கிறது.

அறுவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் மது ஆறாக ஓடியது. அதை எதிர்த்துச் சங்கங்கள் தோன்றின. 1826இல் பாஸ்டன் நகரில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் நிறுவப்பட்டது. பாதிரிமார்களும் செல்வர்களும் அதில் முன்னின்றனர். ஆனால் அவர்கள் நோக்கம் என்ன? குடிக்காதவன் குடிக்கத் தொடங்காமல் காப்பது! ஏற்கெனவே குடியில் வீழ்ந்தவனைப் பற்றி? அவன் போனவன் போனவனே என்பதுதான் அக்காலத்து அறிஞர் பலரின் எண்ணம்.

அந்தப் 'போனவர்கள்' 1840 ஏப்ரலில் தாமே எழுந்தனர். மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில், சேஸ் என்பவரின் மதுக்கடையில் வழக்கமாகக் கூடிக் குடிக்கும் நண்பர்கள் ஆறு பேர். தையற்காரர் ஒருவர், தச்சர் ஒருவர், கொல்லர் இருவர், வண்டி கட்டுபவர் ஒருவர், வெள்ளித் தட்டார் ஒருவர். ஊரில் மதுவிலக்குச் சொற்பொழிவு நடக்கிறதாம், என்னதான் பேசுகிறார்கள் பார்ப்போமே என்று சிலர் சென்று கேட்டுத் திரும்பினர். கேலியாகத் தொடங்கிய பேச்சு முற்றியது. முடிவில் அறுவரும் குடிப்பதில்லை என்று உறுதி எழுதிக் கையொப்பமிட்டனர். நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் பெயரால் தம் அமைப்பை வாஷிங்டன் மதுவிலக்குச் சங்கம் என்றழைத்தனர். சேருவதற்கு 25 சென்ட். பிறகு மாதம் பன்னிரண்டரை சென்ட். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு நண்பரை அழைத்துவர வேண்டும் — குடிக்காத நண்பரை அல்ல, குடிக்கின்ற நண்பரை!

கூட்டத்தில் என்ன நடந்தது? பாதிரியார் பேசவில்லை. வழக்கறிஞர் வாதிடவில்லை. குடித்தவனே எழுந்து தான் பட்டதைச் சொன்னான். கூலியை இழந்ததை, மனைவி அழுததை, பிள்ளை பசித்ததைச் சொன்னான். சொன்னவன் அமர்ந்ததும் அடுத்தவன் எழுந்தான். ஜான் ஹாக்கின்ஸ் என்ற தொப்பி செய்யும் தொழிலாளி, மகளின் மன்றாடலால் மனமுடைந்து, அதே ஆண்டில் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு ஊர் ஊராகச் சென்று பேசினார். இரண்டு மூன்று ஆண்டுகளில் இயக்கம் கிழக்குக் கடற்கரை முழுவதும் பரவியது. 1841இல் நியூயார்க்கில் மார்த்தா வாஷிங்டன் சங்கம் என்ற பெயரில் பெண்களும் அமைப்புக் கண்டனர்.

1842 பிப்ரவரி 22 அன்று, இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், இச்சங்கத்தின் விழாவில் இளம் வழக்கறிஞர் ஒருவர் பேசினார். அவர்தாம் பின்னாளில் அடிமைத் தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கன். பழைய மதுவிலக்காளர் தோற்றது ஏன், இவர்கள் வெல்வது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். கண்டனம் செய்வோர் சொல்லுக்கு மனிதன் செவி சாய்ப்பதில்லை, நண்பன் சொல்லுக்கே சாய்ப்பான் என்பது அவர் பேச்சின் கருத்து. நாம் குடியில் வீழவில்லை என்றால் நமக்கு அந்த வேட்கை இல்லை என்பதே காரணம். அறிவிலோ ஒழுக்கத்திலோ நாம் உயர்ந்தவர் என்று பொருளில்லை என்றும் கூறினார். பேச்சு நடந்தது ஒரு தேவாலயத்தில். கேட்டுவிட்டு வெளிவந்த பக்தர்கள் சிலர் முகம் சுளித்தனர் என்று லிங்கனின் தொழிற்கூட்டாளி ஹெர்ண்டன் பதிந்திருக்கிறார். சுளிக்காமல் என்ன செய்வர்? மேலோர் கீழோர் என்ற மேடையையே அல்லவா அவர் தகர்த்துவிட்டார்!

வீழ்ந்தது ஏன்?

இத்தனை வேகமாக எழுந்த இயக்கம் 1840களின் முடிவுக்குள் ஏறத்தாழ மறைந்தது. காரணங்களை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நமக்கும் அவற்றில் பாடம் உண்டு.

முதலாவது, மேடை மயக்கம். தன் கதையைச் சொல்லி மீண்டவன் புகழ்பெற்ற பேச்சாளன் ஆனான். கைதட்டல் வந்தது, காசும் வந்தது. பிறகு வழுக்கி விழுந்தபோது ஊரே பார்த்துச் சிரித்தது. அவனோடு இயக்கத்தின் பெயரும் விழுந்தது. இரண்டாவது, உறுதிமொழி எழுதியபின் நாள்தோறும் என்ன செய்வது என்பதற்குத் தெளிவான திட்டமில்லை. கையொப்பமிட்டோரை எண்ணினர், ஓராண்டு கழித்து நின்றோரை எண்ணவில்லை. மூன்றாவது, சட்டத்தால் மதுவை ஒழிக்க வேண்டுமா, அறிவுரையால் ஒழிக்க வேண்டுமா என்ற அரசியல் பூசல். நான்காவது, சமயவாதிகளின் எதிர்ப்பு. கடவுளின் அருளில்லாமல் மனிதன் மனிதனைத் திருத்துவதா என்று சினந்த பாதிரிமார் பலர், தேவாலயக் கதவுகளை அடைத்தனர்.

இவற்றுக்கு மேலும் ஒரு கறையுண்டு. அது நம் நெஞ்சைத் தைக்கும் கறை. 1842 ஆகஸ்ட் 1 அன்று பிலடெல்பியா நகரில் கறுப்பின மக்கள் மதுவிலக்கு ஊர்வலம் ஒன்று நடத்தினர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த நாளைக் கொண்டாடும் ஊர்வலமும் அதுவே. வெள்ளையர் கும்பல் பாய்ந்தது. ஊர்வலத்தாரை அடித்தது, கறுப்பினத்தவர் கட்டிய கூடத்தையும் தேவாலயத்தையும் தீயிட்டது. பிரெடரிக் டக்ளஸ் அடிமையாய்ப் பிறந்து அறிஞராய் உயர்ந்தவர். 1846இல் லண்டனில் நடந்த உலக மதுவிலக்கு மாநாட்டில் அவர் எழுந்து இந்தக் கொடுமையை எடுத்துரைத்தார். கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுக்கும் மதுவிலக்குச் சங்கங்களைப் பற்றியும் உரைத்தார். அமெரிக்கப் பாதிரியார்கள் ஆத்திரமுற்றனர். குடிப்பவன் கெட்டவன் என்று பேசிய வாய்கள், குடிக்காதவனாக மாறிய கறுப்பனையும் ஏற்க மறுத்தன! தீட்டு என்பது மதுவில் இருந்ததா, மனத்தில் இருந்ததா? சேரியும் ஊரும் பிரிந்து கிடக்கும் நாட்டில் வாழும் நமக்கு விடை தெரியாதா?

ஒரு தொலைபேசி

தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடின. 1935 மே மாதம். ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகர். வணிகப் போட்டி ஒன்றில் தோற்று, கையில் காசின்றி, மேபிளவர் விடுதியின் கூடத்தில் நின்றார் நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன். பெருங்குடியராயிருந்து, முந்திய டிசம்பரில்தான் குடியை விட்டவர். ஒரு புறம் விடுதியின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி. மறுபுறம் தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். தம்மைப் போல் துன்புறும் இன்னொரு குடியரைக் கண்டு பேசினால்தான் தாம் பிழைப்போம் என்று அவருக்குத் தோன்றியது. தொலைபேசியை எடுத்தார். ஒருவர் மற்றொருவரைக் காட்ட, அவர் வேறொருவரைக் காட்ட, இறுதியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியின் உதவியால் மே 12 அன்று டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்த மருத்துவர், இரவு பதினொரு மணிவரை எழவில்லை.

ஏன் எழவில்லை? அதற்கு முந்திய ஐந்து மாதங்களில் வில்சன் பல குடியர்களிடம் பேசிப் பார்த்திருந்தார். தாம் கண்ட ஒளியைப் பற்றி, அருளைப் பற்றிப் போதித்தார். ஒருவரும் திருந்தவில்லை. போதனையை விட்டுவிட்டு உடல்நோயின் உண்மையைச் சொல்லிப் பாரும் என்று அவருக்கு மருத்துவம் செய்த டாக்டர் சில்க்வொர்த் அறிவுரை கூறினார். அக்ரனில் அவர் அப்படியே செய்தார். தம் கதையைச் சொன்னார். எதிரிலிருந்தவர் அதில் தம்மைக் கண்டார். 1840இல் தையற்காரரும் தச்சரும் கண்டதைத்தான் தரகரும் மருத்துவரும் மறுபடி கண்டனர்.

ஸ்மித் கடைசியாகக் குடித்த நாள் என்று 1935 ஜூன் 10 குறிக்கப்படுகிறது. அதுவே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பின் பிறந்தநாள். 'பெயர் கூறாக் குடிநோயாளர்' என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். 1939இல் அவர்களது நூல் வெளிவந்தது. 1941 மார்ச்சில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' என்ற வார ஏடு அவர்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அந்த ஓராண்டில் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 2,000இலிருந்து 8,000 ஆயிற்று. முந்திய இயக்கம் விழுந்த குழிகளில் இவர்கள் விழவில்லை. பெயரை வெளியிடாததால் மேடை மயக்கம் இல்லை. அரசியலில் தலையிடாததால் பூசல் இல்லை. வெளியாரிடம் நன்கொடை பெறாததால் கைகட்டி நிற்கும் நிலை இல்லை.

அறையில் கடவுள்

ஆனால் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டது. வில்சனும் ஸ்மித்தும் 'ஆக்ஸ்போர்டு குழு' என்ற கிறித்தவ இயக்கத்தின் தொடர்பில் இருந்தவர்கள். அதன் சாயல் அவர்கள் வகுத்த பன்னிரண்டு படிகளில் படிந்தது. பன்னிரண்டில் ஆறு படிகள் கடவுளையோ மேலான ஓர் ஆற்றலையோ குறிப்பிடுகின்றன. கூட்டத்தை வழிபாட்டோடு முடிக்கும் பழக்கமும் பல இடங்களில் வேரூன்றியது.

அக்காலத்திலேயே எதிர்க்குரலும் எழுந்தது. நியூயார்க்குக் குழுவில் ஹாங்க் பார்க்ஹர்ஸ்ட், ஜிம் பர்வெல் என்ற இருவர் இறைமறுப்பாளர்கள். கடவுளை ஒவ்வொருவரும் தாம் விளங்கிக்கொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்ற தளர்வு படிகளில் நுழைந்தது அவர்கள் போராடியதால்தான். உறுப்பினராவதற்குக் குடியை விடும் விருப்பம் ஒன்றே போதும் என்ற விதி பின்னர் நிலைபெற்றது. நம்பாதவன் போட்ட சண்டை, நம்புகிறவனுக்கும் கதவைத் திறந்துவிட்டது! சிகாகோவில் 1975லேயே கடவுள் ஐயமுடையோர்க்கென்று தனிக் குழு கூடலாயிற்று.

எனினும் எல்லாக் கதவும் திறக்கவில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் 2011இல் கடவுள் பெயரை நீக்கிய படிகளைப் பயன்படுத்திய இரு குழுக்கள், நகரின் கூட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பட்டியலில் பெயரில்லை என்றால் என்ன என்று கேட்கலாம். குடித்துக் குடித்துக் கை நடுங்கும் ஒருவன், இனி முடியாது என்று முடிவெடுத்து, இன்றிரவு எங்கே போவது என்று தேடும்போது அவனுக்குக் கிடைப்பது அந்தப் பட்டியல்தான். அதில் அவன் நுழையக்கூடிய அறை இல்லையென்றால் மதுக்கடை இருக்கிறது. மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையீடு செய்தபின், 2017இல் அந்தக் குழுக்கள் பட்டியலில் மீண்டும் இடம்பெற்றன.

கட்டாயம் வந்தபோது வழக்கு நீதிமன்றம் ஏறியது. நியூயார்க் மாநிலச் சிறையிலிருந்த இறைமறுப்பாளர் ஒருவர், குடும்பத்தாரைத் தனித்துச் சந்திக்கும் உரிமை வேண்டுமானால் இந்தப் படிகளின் வழி நடக்கும் திட்டத்தில் சேர வேண்டும் என்று பணிக்கப்பட்டார். 1996இல் அம்மாநிலத்தின் உச்ச அதிகாரம் பெற்ற நீதிமன்றம், வேறு வழி தராமல் அரசு இப்படி வற்புறுத்துவது சமயத்தில் அரசு தலையிடக்கூடாது என்னும் அரசியல் சட்ட விதிக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. 2007இல் ஹவாயைச் சேர்ந்த ஒரு பௌத்தர் தொடர்பான வழக்கிலும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே கருத்தை வலியுறுத்தியது.

வேறு மன்றங்களும் எழுந்தன. 1975இல் ஜீன் கர்க்பாட்ரிக் என்ற சமூகவியல் அறிஞர் பெண்களுக்கென்று 'விமன் ஃபார் சோப்ரைட்டி' அமைப்பைக் கண்டார். நான் ஆற்றலற்றவள் என்று கூறு, பணிந்து நில் என்பது ஆணின் செருக்கை அடக்கப் பயன்படலாம். பிறந்ததுமுதல் பணியவே பழக்கப்பட்ட பெண்ணுக்கு அது எப்படி மருந்தாகும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. பெரியார் வழி வந்த நமக்கு இந்தக் கேள்வியின் கூர்மை விளங்கும். 1985இல் ஜேம்ஸ் கிறிஸ்டோபர் 'ஃப்ரீ என்கொயரி' என்ற பகுத்தறிவு ஏட்டில், மூடநம்பிக்கையின்றிக் குடியை விடலாம் என்று கட்டுரை வரைந்தார். அதன் விளைவாகச் சமயச் சார்பற்ற கூட்டங்கள் தொடங்கின. 1994இல் 'ஸ்மார்ட் ரெக்கவரி' என்ற அமைப்பு, ஆல்பர்ட் எல்லிஸ் போன்ற உளவியலாளர் வகுத்த முறைகளைக் கொண்டு, வேட்கை வரும்போது எண்ணத்தை எவ்வாறு ஆராய்ந்து வெல்வது என்பதைக் கூட்டத்தில் பயிற்றுவிக்கலாயிற்று.

சான்று என்ன கூறுகிறது?

பகுத்தறிவாளர் என்போர் தமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும் கூட்டமல்ல. எனவே இதையும் ஒளிக்காமல் கூறுவோம். 2020இல் காக்ரன் அமைப்பு வெளியிட்ட திறனாய்வு, 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கணக்கிலெடுத்தது. பன்னிரண்டு படிக் கூட்டங்களில் முறையாக இணைக்கப்பட்டோர், மற்றச் சிகிச்சைகளைப் பெற்றோரைவிட, தொடர்ந்து குடிக்காமலிருப்பதில் மேம்பட்டு நின்றனர் என்று அது கண்டது.

ஆகவே கடவுள் வென்றார் என்று பக்தர் துள்ள வேண்டாம். கூட்டம் எப்படிப் பயனளிக்கிறது என்றும் ஆய்ந்திருக்கின்றனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் கெல்லி 2012இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பங்கு இரண்டுக்கே சேர்ந்தது. குடிக்கும் நண்பர்கள் குறைந்து குடிக்காத நண்பர்கள் பெருகுவது ஒன்று. பிறர் குடிக்கும் இடத்திலும் மறுத்துவிட முடியும் என்ற தன்னம்பிக்கை வளர்வது மற்றொன்று. நோய் மிக முற்றியோரிடம் ஆன்மிக உணர்வுக்கும் ஒரு பங்கு இருந்ததாக அதே ஆய்வு கூறுகிறது. அதையும் மறைக்கத் தேவையில்லை. 2018இல் வெளிவந்த சாரா ஸெமோர் குழுவின் ஆய்வு, சமயச் சார்பற்ற மன்றங்களையும் பெண்கள் மன்றத்தையும் பன்னிரண்டு படிக் கூட்டங்களோடு ஒப்பிட்டது. முற்றிலும் விடுவது என்ற குறிக்கோளைக் கணக்கில் கொண்டபின், ஈடுபாட்டோடு பங்கெடுத்தோர்க்கு இரண்டும் நிகரான பயன் தந்தன. வழிபாடு உள்ள அறையிலும் மனிதன் மீள்கிறான். இல்லாத அறையிலும் மீள்கிறான். இரண்டிலும் பொதுவாக இருப்பது என்ன? எதிரே அமர்ந்திருக்கும் மனிதன்!

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டு வரலாற்றைப் பாருங்கள். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். பெரியார் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். பின்னாளில் அவரே மதுவிலக்குச் சட்டத்தைக் குறைகூறியும் எழுதினார். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1971இல் மாநிலத்தில் விலக்கு தளர்ந்தது; 1974இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 2003முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை நடத்தலாயிற்று. கடையைத் திறப்பதா, மூடுவதா என்ற விவாதம் தேவையானதுதான். ஆனால் திறந்த நாளிலும் மூடிய நாளிலும், குடியை விட விரும்பியவன் எங்கே போய் அமர்வது என்ற கேள்வி விவாதத்துக்கு வெளியிலேயே நின்றது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்கு இழந்தபின், 1980இல் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவினார். அத்தகைய முயற்சிகள் போற்றத்தக்கவை. ஆனால் சிற்றூரில் கூலி வேலை செய்பவனுக்கு அருகிலிருப்பது எது? கடை இருக்கிறது; கயிறு கட்டும் கோயில் இருக்கிறது. கூலி நாளுக்கு மறுநாள் வகுப்பில் வெறுமையாகக் கிடக்கும் இடங்களைக் காணும் நாம், அந்த வீடுகளில் முந்திய இரவு என்ன நடந்திருக்கும் என்று கேட்க வேண்டியதே இல்லை.

நம்மிடம் ஒரு செல்வம் உண்டு, தோழர்களே! அதுதான் படிப்பகம். நாளிதழ் படிக்கத் திறக்கும் அந்த அறையை வாரத்தில் ஒரு மாலை இதற்காகத் திறந்து வைத்தால் என்ன? இரண்டு நாற்காலி போதும்; இருவர் போதும். அக்ரனில் இருவர்தாமே!

ஆனால் வரலாறு தந்த எச்சரிக்கைகளை மறக்கலாகாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே முதலில் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மன்றம் அதற்கு அடுத்தது. வருபவன் சாதியைக் கேட்காதீர், கட்சியைக் கேட்காதீர். திருநீறு பூசி வந்தாலும் வரட்டும், பூசாதவனும் வரட்டும். பூசியவனிடம் கடவுள் இல்லை என்று வாதாடுவதற்கு வேறு மாலைகள் உண்டு. பிலடெல்பியாக் கும்பலின் சிறு நிழலும் அந்த அறையில் விழக்கூடாது. பெண்கள் தனியே கூட விரும்பினால் அவர்களுக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான ஒன்றும் உண்டு. நாம் பேசிப் பழகியவர்கள். அடுக்குமொழியும் ஒலிபெருக்கியும் மாலையும் நமக்குக் கைவந்தவை. அந்த அறையில் அவற்றுக்கு வேலையில்லை. மீண்டவனை மேடையேற்றி, 'இதோ பாரீர்' என்று காட்டினால், 1840களின் பிழையையே நாமும் செய்தவராவோம். அவன் பெயரைத் துண்டறிக்கையில் அச்சிடாதீர். விழுந்து மறுபடி வந்தால், எத்தனையாவது முறை என்று எண்ணாதீர். வாய் மூடி, காது திறந்து, அவன் கூறி முடிக்கும்வரை அமர்ந்திருங்கள்.

குடிகாரன் திருந்தமாட்டான் என்பதும் தலையெழுத்துத் தத்துவத்தின் ஒரு கிளைதான். பிறவியால் ஒருவன் தாழ்ந்தவன் என்பதை மறுத்த நாம், பழக்கத்தால் ஒருவன் முடிந்து போனவன் என்பதையும் மறுக்க வேண்டும். பால்டிமோர் மதுக்கடையில் ஆறு தொழிலாளர் அதை மறுத்துக் காட்டினர். உங்கள் ஊர்ப் படிப்பகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.